காணி கொடுத்த வீட்டில் ஒரு விசாரிப்பு

1

போன கிழமை நான் வேலை செய்கிற சுரங்கத்தில் எனக்கு ஒரு ஜாக்கெற் தந்தார்கள். பத்து வருசம் காயப்படாமல், கோள் மூட்டாமல், ஒருவரையும் இடிக்காமல் மண் லொறி ஓட்டியதற்கு. தோடம்பழ நிறம், அதாவது ஒரேஞ்சு, முதுகில் மினுங்குகிற பட்டி. சாப்பாட்டுக் கொட்டகையில் கேக்கும் வெட்டினார்கள். மனேஜர் என்னுடைய முழுப்பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் கைவிட்டு, "எங்கள் மிஸ்டர் ஓம்" என்று முடித்தார்.

அந்தப் பட்டப்பெயர் நானே தேடிக்கொண்டது. வந்த புதிதில் லொறி வானொலியில் "தயாரா?" என்று கேட்டால் வாய் தன்பாட்டில் "ஓம்" என்றுவிடும்; எங்கள் தமிழில் ஆமாம் என்பதற்கு அதுதான். இவர்கள் அதை யோகாசன வகுப்பு மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது முழுச் சுரங்கமும் வானொலியில் ஓம் போடுகிறது. மன்னார்த் தீவுக் கத்தோலிக்கன் ஒருவன் மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு ஓம் படிப்பித்துவிட்டான். எங்கள் பங்குச் சுவாமியாருக்கு இதை ஒருவரும் காவிக்கொண்டு போகவேண்டாம்.

இந்த ஜாக்கெற்றைக் கண்டதும் எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சென்ற வருசம் ஊரிலிருந்து வந்த ஒரு ரெலிபோன் அழைப்பு ஞாபகம் வந்தது. எடுத்தவள் என் அக்கா றீற்றா.

"தம்பி, உன்ர ஆக்கள் வந்து நிக்கினம்."

"ஆரக்கா என்ர ஆக்கள்?"

"உன்ர உடுப்புப் போட்டவை. கேற்றைத் திறந்து விட்டனான். பிளேன்ரீ ஊத்திக் குடுத்தனான். பனைக்குக் கீழ குழாய் ஒண்டு இறக்கினம். உன்னைத் தெரியுமோ எண்டு கேட்டன், சிரிக்கினம்."

விசயம் இதுதான். வேலை கிடைத்த முதல் மாதம், தோடம்பழச் சட்டையும் தலைக்கவசமுமாக லொறிக்கு முன்னால் நின்று படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அவள் அதைப் பெருப்பித்து, கண்ணாடி போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டாள். வருகிற போகிற சனத்துக்கெல்லாம் காட்டினாள். கடைசியில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனி மணல் சோதிக்க ஊருக்கு வந்தபோது, மற்ற வீடுகளில் நாயை அவிழ்த்து விட்டார்கள். என் அக்கா தம்பியின் உடுப்பைக் கண்டு கேற்றைத் திறந்து விட்டாள்.

அவளை என்னவென்று குற்றம் சொல்வது? "அக்கா, அவை வேற கம்பனி" என்றேன். "உடுப்பு ஒண்டுதானே" என்றாள் அவள்.

2

எங்கள் காணி தாராபுரம் தாண்டித் தலைமன்னார் போகிற றோட்டில், கடற்பக்கமாக உள்ளே இறங்கினால் வரும். பனையும் மணலும்தான். அம்மா அதை அக்காவுக்குச் சீதனமாக முழுக்க எழுதியிருக்கவேண்டும். அந்த நேரம் நான் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் ஏறிவிட்டேன். காணியில் பேர் இருந்தால் பெடியன் எப்படியும் திரும்பி வருவான் என்று அம்மா நினைத்து, பிரிக்காமல் எங்கள் இரண்டு பேரின் பேரிலும் உறுதிப்பத்திரம் முடித்தாள். அத்தான் காலமான பிறகு அக்காவும் அவள் மகன் நிறோசனும் அங்கே இருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. ஆழமில்லை. எங்கள் தீவில் ஆழக் கிண்டினால் கெட்டுப்போகும். பாலுக்கு மேலே ஆடை கிடப்பதுபோல, உப்புத் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர் மணலுக்குள் கிடக்கிறது. ஆசைப்பட்டு இன்னும் இரண்டு முழம் இறக்கினவனுடைய கிணற்றில் பிறகு உடுப்புத் தோய்க்கவும் ஏலாது. எங்கள் கிணற்றில் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் குடிக்க அள்ளும்.

அதே மணலுக்குள்தான் அந்தக் கறுப்பு மண்ணும் இருக்கிறது. மாரி கழியக் கரையில் கோடு கோடாக ஒதுங்கும். சின்ன வயதில் அதைக் காலால் தட்டிவிட்டுப் போவோம். அது இல்மனைட் என்றும், அதிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ற் செய்கிறார்கள் என்றும் இங்கே வந்துதான் அறிந்தேன். நான் ஏற்றி இறக்குகிறதும் அதே சாமான்தான். கடல் தாண்டி ஓடிவந்தவனுக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லாததுபோல, ஊர்க் கரையில் கிடந்த மண்ணே இங்கேயும் சோறு போடுகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இங்கே அவர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். மேல்மண்ணை வழித்து ஒரு பக்கம் குவிக்கிறார்கள். கீழே தோண்டி, கழுவி, கறுப்பை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பக் கொட்டி, மேல்மண்ணைப் பரப்பிக் கன்று நடுகிறார்கள். நட்டது முளைப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வீடு கிடையாது. அங்கே இரண்டு பக்கமும் கடல், நடுவில் என் அக்காவின் கிணறு. இரண்டும் தெரிந்தவனாக இருப்பது பெரிய அந்தரம். ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் எவ்வளவு நிம்மதியாகச் சண்டை பிடிக்கிறார்கள்.

3

என் மகள் ஜெசிந்தா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே அவள் பெயர் ஜெஸ். விடுமுறையில் ஒரு சுரங்கக் கம்பனியின் மக்கள் தொடர்புப் பகுதியில் பயிற்சிக்குப் போனாள். அக்காவின் செய்தியை அவளிடம் சொன்னேன். எங்கள் மூன்று பேரில் இங்கிலிசு ஒழுங்காக விளங்குகிறவள் அவள்தானே.

அவள் நிலைபேறான அபிவிருத்தி என்பதைப் பற்றி இங்கிலிசில் கனநேரம் விளங்கப்படுத்தினாள். தமிழில் சொல்லு பிள்ளை என்றேன். அவளுடைய தமிழ் இந்தியத் தொலைக்காட்சி நாடகத்தில் பொறுக்கியது.

"அப்பா, கம்பனி வந்தா வேலை வரும், தண்ணி டாங்க் வரும், ஸ்கூல் வரும். ஆனா முதல்ல மக்களோட பேசணும். அவங்க ஓகே சொல்லணும்."

"ஓகே சொல்லாட்டி?"

"திரும்பப் பேசணும்."

"அப்பவும் சொல்லாட்டி?"

"அப்பா, ப்ளீஸ்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி குசினிக்குள் இருந்து, "உங்களுக்கு வேற கதை இல்லையே? வீட்டுக்கடன் கட்டி முடிய ஊருக்கு வழக்குப் பேசலாம், இப்ப வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு மறுநாளைக்கு உடுப்பை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினேன். மகள் படித்து முடித்ததும் அந்தப் பகுதியிலேயே வேலைக்குச் சேரப் போகிறாளாம். சனத்தோடு கதைக்கிற வேலை. தன்னுடைய மாமியோடு அவளால் இரண்டு வசனம் கதைக்க முடியாது.

4

ஊரில் நிலைமை முற்றிக்கொண்டே போயிற்று. கம்பனி பாடசாலைக்குப் பை கொடுத்தது, விளையாட்டுக் கழகத்துக்குச் சட்டை கொடுத்தது, பங்குக் கோயில் திருநாளுக்கு லைற் போட்டுத் தாறோம் என்றது. சுவாமியார் வேண்டாம் என்றுவிட்டார். ஊர் இரண்டுபட்டது. விபரம் கேட்டு அக்கா கிராம சேவகரிடம் போனாள். அவர் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொன்னார். செயலகத்தில் இது கொழும்பு விசயம் என்றார்கள். அறிவித்தல் சிங்களத்திலும் இங்கிலிசிலும் கதவில் ஒட்டியிருந்தது. தமிழ் வரும் என்றார்கள். இதை எழுதுகிற வரையில் வந்ததாகத் தெரியவில்லை.

கேற்றைத் திறந்தவள் என்று அக்காவுக்குப் பெயர் வந்துவிட்டது. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிணற்றுக்கு அள்ள வருகிறவர்கள் வராமல் விட்டார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி, உவர்ப்புத் தட்டுகிற கிணற்றில் போய் அள்ளினார்கள்.

"விடிய எழும்பினா கிணத்தடியில சத்தமே இல்லையடா. எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல கிடக்கு" என்று அழுதாள். அக்கா அழுது நான் கேட்டது குறைவு. அத்தான் செத்தபோதுகூட அவள் வந்த சனத்துக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் திரிந்தாள்.

இதற்குள் நிறோசனுக்குக் கம்பனியில் வேலை கிடைத்தது. மண் நிரப்பின பைகளைத் தூக்கி வாகனத்தில் ஏற்றுகிற வேலை. அவனுக்கும் ஒரு தோடம்பழச் சட்டை. கடலுக்குப் போய் வெறும் வலையோடு வருகிற பெடியன், மாதம் முடிய அம்மாவின் கையில் சம்பளம் வைக்கிறான். போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? நான் சொன்னால், "மாமா, நீங்கள் அங்க என்ன செய்யிறியள்?" என்று கேட்பான். கேட்டும்விட்டான்.

பிறகு கொழும்பிலிருந்து கம்பனிக்காரத் தமிழர் ஒருவர் என்னோடு கதைத்தார். தேன் ஒழுகக் கதைத்தார்.

"உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை சேர். நீங்கள் இந்தத் துறையிலேயே இருக்கிறனீங்கள். அக்கா பாவம், பயப்படுறா. காணியைக் குத்தகைக்குத் தாறதெண்டு நீங்கள் முதலில ஒப்பம் வையுங்கோ, அக்கா பின்னால வருவா. மருமகனின்ர வேலையையும் நிரந்தரமாக்கலாம்."

குத்தகைக்குக் கொடுத்தால் கிணறு போகும். கொடுக்காவிட்டால் நிறோசனின் வேலை போகும். நான் வாய்திறந்து சுரங்கம் கூடாது என்றால் என்னுடைய பத்து வருசத்துக்கும் என்ன அர்த்தம்? கூடு வைத்து நண்டு பிடிக்கிறவர்களுக்குத் தெரியும், உள்ளே போகிற வழி அகலம். திரும்பி வரும்போதுதான் இடிக்கும். யோசிச்சுச் சொல்லுறன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, லொறிக்குள் ஏறி அன்றைக்கு முழுவதும் மண் இழுத்தேன்.

5

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அயலட்டையை முற்றத்துக்குக் கூப்பிட்டாள். வந்தவர்கள் கொஞ்சப்பேர். தாராபுரத்திலிருந்து மீன் வியாபாரம் செய்கிற ஹலீம் நானாவும் வந்திருந்தார். உங்கட காணிப் பிரச்சினையில எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். "தண்ணி மண்ணுக்குக் கீழால கோயிலையும் பள்ளிவாசலையும் பாத்தா ஓடுது? இஞ்ச உப்பானா அங்கயும் உப்புத்தான்" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். போனைப் பூவரசில் சாத்தி வைத்து, என்னை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார்கள்.

எவ்வளவு ஆழம் போவார்கள் என்று கேட்டார்கள். திரும்ப மூடுவார்களா, மரம் வருமா, தண்ணீர் என்னாகும் என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். இங்கே மூடுகிறார்கள், அங்கே மூடுவார்களோ தெரியாது. இங்கே மரம் வருகிறது, பனை வருமோ தெரியாது. இங்கே தண்ணீர் ஆழத்தில், அங்கே மேலே. சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா பொறுக்கமாட்டாமல் எழும்பினாள்.

"பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற விலாங்கு மாதிரிக் கதைக்காத. ஓமோ இல்லையோ?"

"அக்கா, எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லலாம்."

"உனக்குத் தெரிஞ்சது கம்பனி வீட்டுக் கதை. உனக்குப் பொம்பிளை பாக்கேக்க நாங்கள் பொம்பிளை வீட்டிட்டயே போய் விசாரிச்சனாங்கள்? அவை நல்லதெண்டுதானே சொல்லுவினம். அக்கம்பக்கத்தில விசாரிச்சம். அந்தக் குடும்பத்துக்கு முந்திப் பிள்ளை குடுத்த வீடு எது எண்டு தேடிப் போய் விசாரிச்சம். பிறகும் மூண்டு ஞாயிறு கோயில்ல பேர் வாசிச்சு, தடை தெரிஞ்சாச் சொல்லுங்கோ எண்டு கேட்டவை. ஒரு கலியாணத்துக்கே இவ்வளவு பாக்கிறம். காணிக்கு என்ன செய்தம்?"

ஹலீம் நானா, "அது சரிதானே" என்றார்.

"அங்க நீ கிண்டுற இடம் முந்தி ஆரின்ர காணி?" என்று அக்கா கேட்டாள். "அந்தச் சனம் இப்ப எங்க? அவையிட்டப் போய் விசாரிச்சுச் சொல்லு. காணி குடுத்த வீடு அதுதானே."

எனக்குத் தெரியாது. ஊரில் எந்தப் பற்றையைக் காட்டினாலும் அது இன்னாருடைய பேரனின் பங்கு என்று சொல்லுவேன். இங்கே பத்து வருசமாக ஒவ்வொரு நாளும் கிண்டுகிற நிலம் யாருடையது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

6

அடுத்த முறை வேலைக்குப் போனதும் சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் நல்ல மனுசன். "இங்கே ஒருவரும் இருக்கவில்லை, நண்பா. வெறும் பற்றைக்காடு" என்றார்.

மேசையின் மற்றப் பக்கத்தில் டொனா இருந்தாள். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற லொறி ஓட்டுகிறவள். என்னுடைய வயதுதான் இருக்கும். கொட்டகைக்குள் எத்தனையோ நாள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறோம். வெயிலைப் பற்றியும் காலுறையைப் பற்றியும் கதைத்திருக்கிறோம். அவள் இந்த நாட்டின் ஆதிக்குடிப் பெண் என்பது தெரியும். எந்த இடத்து ஆள் என்று தெரியாது.

"நாங்கள் இருந்தோம்" என்றாள்.

மேற்பார்வையாளர் கோப்பையைக் கழுவ எழும்பிப் போய்விட்டார். நான் என் உடைந்த இங்கிலிசில் அக்காவின் கதையைச் சொன்னேன். பிள்ளை கொடுத்த வீட்டில் விசாரிக்கிற வழக்கத்தையும் சொன்னேன். டொனா சிரித்தாள். பிறகு, "உன் அக்கா நல்லாய்த்தான் கேட்கிறாள். எங்களிடம் வந்து கேட்ட முதல் ஆள் அவள்தான். எடு போனை" என்றாள்.

அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து முதலில் கேட்டது, "பிள்ளை சாப்பிட்டதோ?" பாண் சான்விச் என்றதும், "மத்தியானத்துக்கு வெறும் பாணோ" என்று கவலைப்பட்டாள். நான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

"காணியை ஆர் குடுத்தது?"

"அம்மா முடியாது என்றாள். என் மாமா ஓம் என்றார். அவர் அப்போதே கம்பனிக்கு வேலி அடைக்கிற வேலையில் இருந்தார். அவருடைய சொல்லைக் குடும்பத்தின் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள்."

"குடுக்கிறம் எண்டு சொன்னதைக் குடுத்தவையோ?"

"கொடுத்தார்கள். அதில் பொய் இல்லை. இந்த வேலை அதில் வந்ததுதான். மரமும் வருகிறது. ஆனால் அம்மா பிறந்த இடத்தைப் பார்க்க எங்கள் ஆட்கள் வந்தால், வாசலில் பேர் பதிந்து, பார்வையாளர் அட்டை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேணும்."

"கிணறு இருந்ததோ?"

"கிணறு இல்லை. மணலைக் கையால் தோண்டினால் தண்ணீர் ஊறுகிற ஒரு பள்ளம் இருந்தது. இப்போது லொறிப் பாதைக்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது. அதற்கு மேலேதான் நான் தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிறேன் என்று நினைக்கிறேன்."

இதையும் தமிழில் சொன்னேன். அந்தப் பாதையில் என் லொறியும்தானே ஓடுகிறது. அக்கா முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அந்த மாமன் கூடாத மனுசனோ?"

"இல்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டியிருந்தது. கடைசிக் காலத்தில் ஒருவரும் அவரைப் பார்க்கப் போகவில்லை. நானும் போகவில்லை."

அக்கா தலையை ஆட்டினாள். "நல்ல மனுசி. ஒருநாளைக்கு இஞ்ச கூட்டிக்கொண்டு வா, சோறு குடுக்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் நான் டொனாவின் லொறிக்குப் பின்னால் ஈரமான பாதையில் ஓடிக்கொண்டிருந்தேன்.

7

அடுத்த நாள் அக்கா தானே எடுத்தாள்.

"தம்பி, உன்ர பங்கை என்ர பேருக்கு எழுதித் தா."

எனக்கு விளங்கவில்லை. "நான் ஒப்பம் வைக்கமாட்டன் அக்கா. அதுக்கு ஏன் எழுதவேணும்?"

"நீ இப்ப வைக்கமாட்டாய். நாளைக்கு உன்ர வேலைக்கு ஒண்டு நடந்தா? பிள்ளைக்கு ஒண்டு வந்தா? அந்தக் கொழும்பான் என்னை விட்டிட்டு உன்னட்ட ஏன் முதல்ல வந்தவன்? அவையள் ஆரைப் பிடிப்பினம் எண்டு அந்த டொனாப் பிள்ளை தன்ர மாமன்ர கதையில சொல்லிப்போட்டுது."

"அப்ப என்னை நம்பேல்லையோ?"

"உன்னை நம்புறன். உன்ர வயித்தைத்தான் நம்பேல்ல."

கோபம் வந்தது. நல்லாய்க் கோபம் வந்தது. காணிக்குள் வந்தவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது நானா என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பது அந்த நேரமே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நிறோசன் என்ன சொல்கிறான் என்று மட்டும் கேட்டேன்.

"வேலையை விடு எண்டு நான் சொல்லேல்ல. கம்பனிதான் இனி வைச்சிருக்காது. கொஞ்ச நாளைக்கு என்னோட கதைக்கமாட்டான். கதைக்காட்டிப் போகட்டும், சோறு தின்ன வருவான்தானே."

இலங்கைத் தூதரகத்தின் கொன்சல் கந்தோருக்குப் போய், என் பங்கை எனக்குப் பதிலாக மன்னாரில் எழுதி முடிக்க அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் சிங்களத்தில் கேட்டாள், பிறகு இங்கிலிசில் கேட்டாள், காசு வாங்காமலா கொடுக்கிறீர்கள் என்று. அக்காவுக்கு என்றேன். அவளுக்கு அது போதவில்லை. வேறு யாரும் வற்புறுத்தினார்களா என்று கேட்டாள். இல்லை என்று ஒப்பம் வைத்தேன். மகளைச் சாட்சிக்குக் கூட்டிப்போயிருந்தேன். வருகிற வழியில் அவள் காரை ஓட்டிக்கொண்டே, "மாமி ரொம்ப ஸ்ட்ரோங், இல்லப்பா?" என்றாள். ஓமம்மா என்றேன்.

மன்னாரில் உறுதி முடிந்த மறுநாள் அக்கா கதைத்தாள். பக்கத்துக் காணிகள் இரண்டில் குழாய் இறங்கத்தான் செய்கிறது, எங்களுடையதில் இறங்காது. கொழும்புக்காரர் வந்தாராம், உறுதியைக் காட்டினாளாம், அவர் தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டாராம். உறுதி எழுதுகிற நோத்தாரிஸ் கந்தோரில் மின்விசிறி வேலை செய்யவில்லை என்று அதையும் சொன்னாள். குரல் பழையபடி வந்திருந்தது. எனக்கும் அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

"நத்தார்ப் பெருநாளுக்கு வரப்பாக்கிறன் அக்கா" என்றேன்.

"வா, வா. வாறதெண்டா முன்னமே சொல்லிப்போட்டு வா. அறையைக் கூட்டி, கட்டிலுக்கு விரிப்பு மாத்தி வைக்கவேணும்."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் சொல்லிவிட்டுப் போனதில்லை. எங்கள் ஊரில் விருந்துக்கு வருகிறவர்களிடம்தான் அப்படிக் கேட்பார்கள்.

"சரியக்கா" என்றேன், "சொல்லிப்போட்டு வாறன்."